முகர்ந்து பார்த்துச் சொன்னவன்

கொத்துக்கறிக் கிண்ணத்தை அவன் மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றாள் மனைவி. கையில் ரப்பர் உறை, முகத்தில் ஒரு சுளிப்பு.

"ஏங்க, இதுல ஒரு மாதிரி வாடை வருதா பாருங்க. எனக்குக் கறின்னாலே வாடைதான். நல்லது எது, கெட்டது எதுன்னு தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

அவன் குனிந்து மூச்சை ஆழமாக இழுத்தான். வெறும் காற்றுதான் உள்ளே போனது. பச்சைத் தண்ணீரை முகர்ந்தாலும் அவனுக்கு இதேபோலத்தான் இருந்திருக்கும்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான்.

"அப்பாடா!" என்று அவள் அடுப்பு மேடைக்குத் திரும்பிவிட்டாள்.

பொய் சொல்வது அவனுக்குப் புதிதில்லை. சில மாதங்களாக வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அதுவரை சொன்ன பொய் எதுவும் யார் வயிற்றுக்குள்ளும் போகவில்லை.

எல்லாம் ஒரு காய்ச்சலில் ஆரம்பித்தது. அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒவ்வொருவராகப் படுக்க, அவளும் படுத்தாள். லீவு போட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தவன் அவன். அவள் எழுந்த அன்று அவன் படுத்தான். "என்னாலதான் உங்களுக்கு வந்துச்சு" என்று அவள் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதது இன்னும் அவன் கண்ணிலேயே நிற்கிறது. இரண்டு பேருக்கும் வாசனை போனது. அவளுக்குத் திரும்பி வந்துவிட்டது. "காபி மணக்குதுங்க! உங்களுக்கு?" என்று குதித்துக்கொண்டு வந்து கேட்டவளிடம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டான். அடுத்த வாரம் வந்துவிடப்போகிறது, அதற்குள் எதற்கு அவளைக் கலங்கடிக்க வேண்டும் என்று நினைத்தான். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

உப்பு, புளிப்பு, இனிப்பு, காரம் எல்லாம் நாக்குக்குத் தெரிந்தன. மற்றவையெல்லாம் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டன. சனிக்கிழமை வேலை முடிந்ததும் கடைத்தெரு முனையில் நின்று பர்கர் தின்றுவிட்டு வருவது லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்கு நெடுநாள் பழக்கம். காய்ச்சலுக்குப் பிறகு ஒரு தடவை போனான். ஈரப் பஞ்சை மெல்வதுபோல் இருந்தது. போவதையே நிறுத்திவிட்டான்.

"என்ன, இப்பல்லாம் கடைப்பக்கம் போறதில்லையா?" என்று அவள் கேட்டபோது, "வயித்துக்கு ஒத்துக்கல" என்றான்.

அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். கடைச் சாப்பாட்டை விடுங்கள் என்று கல்யாணமான நாள் முதல் கெஞ்சியவள் ஆயிற்றே! தனக்காகத்தான் விட்டுவிட்டார் என்று உருகிப்போனாள். பிறந்த வீட்டில் மற்றவர்கள் சாப்பிட்டாலும் கறியும் முட்டையும் தொடாதவள், வீட்டிலேயே பர்கர் செய்துபோட உறை மாட்டிக்கொண்டு கொத்துக்கறியைப் பிடிக்கப் பழகினாள். தேடித் தேடி வீடியோ பார்த்தாள். கறியைப் பிசையக் கூடாது, உருட்டினால் போதும். கல் புகைய வேண்டும். உருண்டையைக் கல்லில் போட்டதும் கனமான பாத்திரத்தின் அடியால் ஒரே அழுத்தாக அழுத்தி, ஓரம் சரிகைபோல முறுகவிட வேண்டும். உப்பை அப்போதுதான் தூவ வேண்டும். ரொட்டியின் வெட்டிய பக்கத்தை வெண்ணெயில் வாட்ட வேண்டும். எல்லாவற்றையும் அடுக்கி எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்தால், அந்த ஆவியிலேயே ரொட்டி கடையில் வருவதுபோலத் துவண்டுவிடும்.

செய்தவளால் ருசி பார்க்க முடியாது. ருசி பார்ப்பது அவன் வேலை. அவனும் கண்ணை மூடி மென்று, தலையை ஆட்டி, "போன வாரத்தை விட நல்லா இருக்கு. கடுகு சாஸ் மட்டும் இன்னும் கொஞ்சம்" என்பான். நாக்கில் சுருக்கென்று ஏதாவது உறைத்த ஒரே இடம் அதுதான். அவளும் வாராவாரம் ஒரு கரண்டி கூட்டினாள்.

இப்போது விஷயம் வீட்டைத் தாண்டிவிட்டது. "கடையையே மறந்துட்டார் எங்க வீட்டுக்காரர்" என்று அவள் அண்ணனிடம் பெருமை அடித்துக்கொள்ள, அண்ணன் குடும்பத்தோடு இன்று சாயங்காலம் வருகிறார். காலையில் கறி வாங்கி வந்தவன் அவன்தான். மேடையில் வைத்தபோதே போன் வந்தது. எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்டுக்குள் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். பொட்டலத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். மத்தியானம் திரும்பியபோதுதான் அது கண்ணில் பட்டது. அவள் கடையிலிருந்து வருவதற்குள் ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிட்டான்.

அதையும் சொல்லவில்லை.

அழைப்பு மணி அடித்தது. அண்ணன், நர்ஸாக இருக்கும் அண்ணி, எல்லாரும் சுண்டெலி என்று கூப்பிடும் அவர்களின் சின்ன மகள் மூவரும் உள்ளே வந்தார்கள்.

"மாப்பிள்ளை, மூணு மாடி ஏறி வந்திருக்கோம். உங்க வீட்டுல லிஃப்ட் இல்லையே!" என்று அண்ணன் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"இருந்தா நான்தானே மச்சான் ரிப்பேர் பாக்கணும்" என்று சிரித்துவைத்தான். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

சமையலறையில் கல் சீறியது. கறி பொரியும் சத்தம் கேட்டது, புகை எழுந்தது, அவனுக்கு மணம் மட்டும் இல்லை. உள்ளே போய் அவளைத் தனியாகக் கூப்பிட இரண்டு முறை எழுந்தான். "போய் உக்காருங்க, கால்ல இடறாதீங்க" என்று இரண்டு முறையும் விரட்டினாள். வியர்வை வழியும் முகத்தில் அத்தனை சந்தோஷம். சொல்லாமல் விட்டால்தான் என்ன, வெந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா என்று மனம் நைசாக ஒரு வழி காட்டியது. அந்த வழியிலேயே போய் உட்கார்ந்தும் விட்டான்.

காகிதத்தில் சுற்றிய பர்கர்கள் வரிசையாக வந்தன. மூக்கின் பக்கத்தில் பிடித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. முதல் ஆளாகக் காகிதத்தைக் கிழித்தது சுண்டெலிதான். இரண்டு கையாலும் பிடித்து, வாயைத் தன்னால் முடிந்த மட்டும் அகலமாகத் திறந்தாள்.

"சாப்பிடாத!"

அவன் பிடுங்கிய வேகத்தில் தக்காளித் துண்டு அவள் சட்டையில் விழுந்தது. குழந்தை ஒரு நொடி திகைத்துவிட்டு வீறிட்டது.

"என்னங்க இது? பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று மனைவி ஓடி வந்தாள்.

"கறி கெட்டிருக்கலாம்."

"நீங்கதானே முகர்ந்து பாத்தீங்க?"

"எனக்கு வாசனை தெரியாது." பிடுங்கிய பர்கரைத் தட்டில் வைத்தான். "காய்ச்சலுக்கு அப்புறம் வரவே இல்லை. காலையில கறிய வெளியவே வெச்சிட்டுப் போயிட்டேன். மத்தியானம்தான் உள்ள வெச்சேன்."

அண்ணி எழுந்து தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"தம்பி, மோந்து பாத்தெல்லாம் இதைக் கண்டுபிடிக்க முடியாது. இவ்வளவு நேரம் வெளிய இருந்ததை யாரும் சாப்பிடக் கூடாது. எல்லாத்தையும் கொட்டிடுங்க."

"லிஃப்ட்ல மாட்டினவங்களைக் கீழ இறக்கறவரு, எங்களை ஒரேயடியா மேல அனுப்பப் பாத்தாரே!" என்றார் அண்ணன். அண்ணி சிரித்தாள். அழுத குழந்தைகூட எதற்கென்று தெரியாமல் சிரித்தது. மனைவி சிரிக்கவில்லை. அவனையும் பார்க்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனாள்.

வறுவலுக்கு வெட்டிவைத்த உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, தட்டையாகத் தட்டி, கல்லைக் கழுவிப் பொரித்தாள். அதே ரொட்டி, அதே வெங்காயம், அதே சாஸ். சுண்டெலிக்குச் சாஸ் வேண்டாமாம். அது ஒன்றை முழுசாகத் தின்றது. அண்ணன் ஒரு வாய் கடித்தார். கண் இரண்டும் கலங்கிவிட்டன.

"ஏய், கடுகை அள்ளிக் கொட்டியிருக்கியே! மண்டைக்கு ஏறுதுடி!"

"இவர்தான் போதல, போதலன்னு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஒவ்வொரு வாரமாக அவள் மனசுக்குள் பின்னோக்கிப் போய்க்கொண்டிருப்பது அந்தப் பார்வையில் அவனுக்குத் தெரிந்தது. தரையைப் பார்த்தபடி அவன் உருளைக்கிழங்கை மென்றான்.

குழந்தைக்குக் கண் சொக்கியதும் அவர்கள் கிளம்பினார்கள். வாசலில் அண்ணி, "நாளைக்கே டாக்டரைப் பாருங்க தம்பி. மோந்து பழகற பயிற்சியில கொஞ்சம் கொஞ்சமா வாசனை திரும்புது சிலருக்கு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மனைவி கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றான்.

"சொல்லியிருந்தா, உன்னாலதான்னு நீ மனசுல போட்டு வெச்சுக்குவ. அதனாலதான்..."

"ஆமா, போட்டுக்குவேன். ரெண்டு நாள் அழுவேன். மூணாவது நாள் உங்களை டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருப்பேன். அது என் பாடு. அதுக்கு நீங்க யாரு நடுவுல?" தேய்ப்பது நிற்கவில்லை. "கறிய கையால தொட எனக்கு எப்படி இருக்கும்னு தெரியுமா உங்களுக்கு? முதல் நாள் குளியலறையில போய் வாந்தி எடுத்தேன். நீங்க கண்ணை மூடி ரசிக்கறதைப் பாத்துட்டுத்தான் அடுத்த வாரமும் செஞ்சேன்."

வாந்தி எடுத்தது அவனுக்குத் தெரியாது. தன் பொய்யைப்போல அவளும் ஒன்றை மறைத்திருக்கிறாள். ஆனால் அவள் மறைத்தது அவனுக்காக. தான் மறைத்ததும் அவளுக்காகத்தான் என்று இவ்வளவு நாள் நம்பிக்கொண்டிருந்தவனால் இப்போது அதை நம்ப முடியவில்லை. அவள் முகத்திலிருந்து அந்தச் சந்தோஷம் போய்விடக் கூடாது என்று ஆசைப்பட்டது தன் சுகத்துக்காகத்தான்.

"தப்புதான்மா," என்றான்.

தேய்த்துக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றது.

"அப்போ நான் கடைக்குப் போனதும் தனியாத்தானே அடுப்பைப் பத்த வெச்சுக் காபி போட்டுக்கறீங்க?"

"ஆமா."

"கேஸ் கசிஞ்சா?"

அவன் விழித்தான். அது அவன் புத்தியில் ஒரு நாளும் உறைக்கவே இல்லை. பூட்டிய வீடு, மூடிய ஜன்னல், தீப்பெட்டியும் கையுமாக அவன். அவள் அத்தனையையும் ஒரே நொடியில் பார்த்துவிட்டாள் என்பது முகம் வெளுத்ததில் தெரிந்தது. திட்டப்போகிறாள் என்று நினைத்தான். திட்டவில்லை. ஈரக் கையோடு அப்படியே குனிந்து, மேடைக்குக் கீழே இருந்த சிலிண்டரின் திருகை இறுக மூடினாள். எழுந்தாள். நம்பிக்கை வராமல் மறுபடி குனிந்து, குழாயோடு முகத்தை ஒட்டவைத்து முகர்ந்து பார்த்தாள்.