ஹல் நகரத்துக்குப் போன ஆமென்

காலை ஐந்தரைக்கு லண்டனில் நள்ளிரவு. கோல் பார்ஜஸ் குழுவின் புதிய ஆல்பம் அந்த நேரத்துக்கு வெளியாகும் என்று அறிவித்திருந்தார்கள். எபனேசர் ஐந்து மணிக்கே எழுந்து, சமையலறையில் விளக்கைப் போடாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். வெளியே ஐப்பசி மழை. கையில் போன்.

ஒன்பது வருஷம் காத்திருந்த ஆல்பம். இப்போது அது வராமலே போய்விட்டால் நல்லது என்றிருந்தது.

கோல் பார்ஜஸ் என்பது இங்கிலாந்தில் ஹல் என்ற துறைமுக ஊரைச் சேர்ந்த நான்கு பேர். கல்லூரி விடுதியில் மார்த்தாண்டத்து ஷிபின் கொடுத்த ஒரு சிடியில் தொடங்கிய பித்து. அந்த வயதில் பலருக்கும் இப்படி ஏதாவது இருக்கும். வேலை, கல்யாணம் என்று ஆனதும் தணிந்துவிடும். எபனேசருக்குத் தணியவில்லை. பழைய பாட்டைப் போட்டுப் பெருமூச்சு விடுகிற ஆளும் இல்லை. லீட்ஸிலும் பிரிஸ்டலிலும் யாரோ இருபது வயதுப் பிள்ளைகள் கூடிப் புதிதாக ஒரு பாட்டுப் போட்டால், வெள்ளிக்கிழமை ஆபீசுக்குக் கிளம்புமுன் அதைக் கேட்டாக வேண்டும். கேட்டதும் ஷிபினிடம் சண்டை போட வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு பக்கம், கோல் பார்ஜஸ் ஒரு பக்கம்.

ஆடி மாதம் அவர்களிடமிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்குப் பல ஊர்க் குரல்கள் வேண்டும்; ரசிகர்கள் தங்கள் ஊரில் ஆள் சேர்த்து ஒரே ஒரு வரியைப் பாடி அனுப்பலாம். அந்த வரியையும் மெட்டையும் மட்டும் கொடுத்திருந்தார்கள். பாட்டின் மற்ற பகுதி எப்படியிருக்கும் என்று ஒரு வார்த்தை இல்லை.

ஆள் சேர்ப்பது எபனேசருக்குக் கஷ்டமில்லை. அவன் மாமனார் அருமைநாயகம் ஆலயத்துப் பாடகர் குழுவை நடத்துகிறவர். மனைவி சாலோமி அதில் முதல் குரல்.

"மாமா, இங்கிலாந்துல இருந்து ஒரு பாட்டுக்குக் குவயர் கேக்காங்க" என்று போய் நின்றான். அருமைநாயகம் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளை மடித்தார்.

"இங்கிலாந்துல இருந்தா? மிஷன்காரங்களா?"

பாளையங்கோட்டையில் இங்கிலாந்து என்றால் மிஷன். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஆலயத்து மணி எல்லாம் அங்கேயிருந்து வந்தவை. அங்கிருந்து கேட்கிறார்கள் என்றால் அதற்கு மேல் யாரும் விசாரிக்க மாட்டார்கள். இல்லை என்று சொல்ல எபனேசர் வாயைத் திறந்தான். அதற்குள் அவர் தாளை வாங்கி வரியை வாசித்துவிட்டார். 'கரை இன்னும் இருக்கிறது, விளக்கை அணைக்காதே' என்று பொருள் வரும் ஆங்கில வரி.

"கரைன்னா பரலோகம்" என்றார். "நல்ல ஆழம் மாப்ள. ஹிம் பாட்டு எழுத அவங்கதான்."

எபனேசர் வாயை மூடிக்கொண்டான்.

அன்றிரவே அருமைநாயகம் நான்கு குரலுக்கும் சோல்பாவில் ஸ்வரம் எழுதிவிட்டார். பத்து நாள் பயிற்சி. ஒரு ஞாயிறு மாலை ஆலயத்தில் எல்லாரும் நின்று பாட, எபனேசர் போனில் பதிவு செய்தான். வரி நன்றாக எழும்பி முடிந்தது. முடிந்த கையோடு குழு ஆமென் பாடியது. அந்த ஆலயத்தில் எந்த ஆங்கிலப் பாட்டும் ஆமென் இல்லாமல் முடிந்ததில்லை. யாரும் பாடச் சொல்லவில்லை, யாரும் யோசிக்கவுமில்லை. கால் செருப்பைத் தேடுவதுபோல வாய் ஆமெனுக்குப் போய்விட்டது.

வீட்டில் வந்து அதை வெட்டிப் பார்த்தான். வரி அடங்குவதற்குள் இரண்டாம் குரலான ஆல்ட்டோ பெண்கள் ஆமெனைத் தொட்டிருந்தார்கள். எங்கே வெட்டினாலும் குரல்வளையை நெரித்த மாதிரி இருந்தது. ஆமெனோடேயே அனுப்பினான்.

பதினைந்து நாளுக்கு முன்னால் பதில் வந்தது. உங்கள் பதிவை எடுத்துக்கொண்டோம், முழுவதுமாக, நன்றி. எபனேசர் ஆபீஸில் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தான். கரண்ட் பில் கட்ட வந்தவர் பயந்துபோனார்.

சந்தோஷம் போன ஞாயிறு வரை இருந்தது. அன்று ஆராதனை அறிவிப்பில் சேகர குரு எழுந்து, நமது பாடகர் குழுவின் பாடல் இங்கிலாந்தில் வெளியாகிறது, அடுத்த வாரம் ஆராதனை முடிந்ததும் மண்டபத்தில் போடப்படும், சபையார் யாவரும் இருந்து கேட்டுச் செல்லவும் என்றார். முன்வரிசையில் அருமைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். பெருமை வந்தால் அவர் அப்படித்தான் குனிவார்.

அப்போதுதான் எபனேசருக்கு உறைத்தது. கோல் பார்ஜஸின் இரண்டாவது ஆல்பத்தில் கெட்ட வார்த்தை இல்லாத பாட்டு ஒன்றே ஒன்று. அதில் பாட்டே கிடையாது, வாத்தியம் மட்டும். மூன்றாவதில் ஒரு பாதிரியாரைச் சந்தியில் நிறுத்தி வைத்து ஏசியிருப்பார்கள். கடைசிப் பாட்டும் அந்த ரகமாக இருந்தால்? அத்தனை வசவுக்கும் முடிவில், மாமனார் கையசைக்க, சாலோமியும் மற்றவர்களும் நான்கு குரலில் ஆமென் சொல்லியிருப்பார்கள். அதைச் சபையே உட்கார்ந்து கேட்கும். மாமனார் அதற்குப் பிறகு ஆலயத்தில் கையைத் தூக்குவாரா?

சாலோமி வந்து விளக்கைப் போட்டாள்.

"இருட்டுக்குள்ள உக்காந்து என்ன செய்யுதிய?"

"வரப்போவுது."

"அதுக்கு வயித்துவலிக்காரன் கணக்கா இருக்கணுமா?" அடுப்பில் பாலை வைத்தாள். விஷயத்தை முந்தின நாள்தான் அவளிடம் சொல்லியிருந்தான். "அசிங்கமா இருந்தா அப்பாட்ட நீங்கதான் சொல்லணும். நான் திருச்செந்தூருக்கு சித்தி வீட்டுக்குப் போயிருவேன்."

"தனியா விட்டுட்டா?"

"பின்ன? நானா பாட்டுக் கொண்டு வந்தேன்?"

போன் அதிர்ந்தது. வந்துவிட்டது.

ஆல்பத்தை முதலிலிருந்து வரிசையாகக் கேட்பான் எபனேசர். தாண்டிக் கேட்பவர்களோடு அவனுக்குப் பேச்சு வார்த்தையே கிடையாது. இன்று நேராகக் கடைசிப் பாட்டுக்குப் போனான். சாலோமி பக்கத்தில் வந்து நின்று ஓர் இயர்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

ஒற்றைக் கிட்டார். பிறகு குரல். முன்பைவிடக் கரகரத்திருந்தது. ஒருவர் மீன்பிடிக் கப்பலில் போகிறார். வீட்டில் மனைவி வாசல் விளக்கைப் போட்டு வைக்கிறாள். கப்பல் வரவில்லை. இதுவரைக்கும் சரி.

இரண்டாவது சரணத்தில் ஒரு பாதிரியார் படியேறி வந்தார். எபனேசர் சாலோமியின் கையைப் பிடித்தான்.

"என்ன?"

"பேசாம இரு."

பாதிரியார் கோட்டுக்குள் ரொட்டியை மறைத்துக் கொண்டுவந்திருந்தார். மேசையில் வைத்தார். ஒன்றும் பேசாமல் அவளோடு உட்கார்ந்திருந்தார். போய்விட்டார். ரொட்டி ஈரமாக இருந்தது. அவ்வளவுதான். அவருக்கு ஒரு வசவும் விழவில்லை.

டிரம்ஸ் இறங்கியது. மூன்றாவது சரணத்தைப் பாடகன் அடித்தொண்டையிலிருந்து கத்தினான்.

"ப்ளடின்னு ஏசுதாரு" என்றாள் சாலோமி.

"மழையச் சொல்லுதாரு."

"மழையத்தானா?" ஜன்னலைப் பார்த்தாள். கொடியில் நேற்றுத் துவைத்த துணி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. "சரி, சொல்லட்டும்."

வாத்தியங்கள் எல்லாம் ஒன்றாக நின்றன. கூட்டம் பாடியது. எந்தெந்த ஊரோ. குடித்துவிட்டுப் பாடும் குரல்கள், குழந்தைகள், மூக்கால் பாடும் ஒருவன். கரை இன்னும் இருக்கிறது. அந்த வரியே திரும்பத் திரும்ப. ஒவ்வொரு தடவையும் சில ஊர்கள் விலகிக்கொண்டன. கடைசியில் ஒரே ஒரு குழு மிஞ்சியது. நேராக நின்று, ஒவ்வொரு எழுத்தையும் தெளிவாக உச்சரித்துப் பாடும் குழு. பின்னால் மின்விசிறி ஒன்று கிறீச் கிறீச்சென்று சுற்றுவதுகூடக் கேட்டது.

பிறகு ஆமென்.

அதோடு ஆல்பம் முடிந்தது.

சாலோமி வாயைப் பொத்திக்கொண்டாள். "மேல நிக்குது பாருங்க, அது நான்" என்றாள் விரல்களுக்குள்ளிருந்து. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

எபனேசருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தான். நெஞ்சில் ஐந்து நாளாகக் கிடந்த கல் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"போதும். பக்கத்து வீட்ல என்ன நெனப்பாங்க" என்றாள் சாலோமி. அவளும் சிரித்தாள்.

மறுபடியும் போட்டான். முதல் தடவை அவன் பாட்டைக் கேட்கவே இல்லை. வார்த்தைகளுக்குக் காவல் நின்றான். இப்போதுதான் கேட்டான். டிரம்ஸ் ஒரு நொடி தாமதித்து விழுகிறது, ஆள் படியில் தடுக்கி விழுவதுபோல. பேஸ் கிட்டார் அலை மாதிரி வந்து போகிறது. ஒன்பது வருஷத்துக்கு இது தகும். பிறகு முதல் பாட்டுக்குப் போய் முறையாகத் தொடங்கினான். ஆபீசுக்கு நேரமாகும் என்ற எண்ணமே வரவில்லை.

ஷிபின் கூப்பிட்டான். அழுதுகொண்டிருந்தான்.

"மக்களே, நான் கரையுதேன் கேட்டியா. கடைசிப் பாட்டு கேட்டு கரையுதேன்."

"நல்லா கரைலே."

"அந்த ஆமென் பாடினவங்க எவனுவ? அயர்லாந்தா?"

"எங்க மாமனாரு."

"காலையிலே தண்ணி போட்டுட்டியா நீ?" என்றான் ஷிபின்.

மழை விட்டிருந்தது. வழிந்த பாலுக்குப் பதில் வேறு பால் வாங்க எபனேசர் சைக்கிளை எடுத்தான். தெருவெல்லாம் செம்மண் தண்ணீர். ஆற்றில் வெள்ளம் வந்திருக்கிறது, குறுக்குத்துறைக் கோயில் முங்கிவிட்டது என்று கடையில் பேசிக்கொண்டார்கள். மற்ற நாளாக இருந்தால் நின்று விசாரித்திருப்பான். இன்று வாயில் மெட்டு ஓடிக்கொண்டிருந்தது. பால்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சார், சம்பளம் கூட்டிட்டாங்களா?"

"இல்ல அண்ணாச்சி."

"பொறவு?"

"சும்மாதான்."

திரும்பி வரும்போது வாசலில் மாமனாரின் குடை விரித்து வைத்திருந்தது. அருமைநாயகம் உள்ளே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஆலயத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டை.

"வந்துட்டாம்லா? சாலோமி சொன்னா. போடுங்க மாப்ள."

இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை. இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். "மாமா, இவங்க மிஷன்காரங்க இல்ல. அன்னைக்கே சொல்லியிருக்கணும். கிட்டார் வச்சுக் கச்சேரி பண்ணுதவங்க. ராக்."

"சரி, போடுங்க."

ஸ்பீக்கரில் போட்டான். சமையலறை வாசலில் சாலோமி வந்து நின்றாள். அருமைநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். கிட்டாருக்கு முகத்தில் அசைவில்லை. பாதிரியார் வந்து போனார், அதற்கும் இல்லை. டிரம்ஸ் இறங்கியபோது ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"நம்ம பாட்டுக்கு முன்னால எதுக்கு இம்புட்டுக் கத்துதாங்க?"

"அதுதான் மாமா பாட்டு."

"அப்படியா?" கண்ணை மூடிக்கொண்டார்.

கூட்டம் பாடத் தொடங்கியதும் அவர் வலது கை மடியிலிருந்து எழும்பியது. மற்ற ஊர்கள் ஒவ்வொன்றாக விலகின. கை காற்றில் நின்றது. ஆமெனை அவர்தான் இறக்கி வைத்தார், விரல் நுனியால், பைய. பாட்டு முடிந்தும் கையை எடுக்கவில்லை.

எபனேசரும் சாலோமியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கடைசிய மட்டும் இன்னொருக்கப் போடுங்க" என்றார். போட்டான். "இன்னொருக்க." போட்டான். அவர் முன்னால் குனிந்து ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொண்டுபோனார். நெற்றி சுருங்கியது.

"நேசையா சுருதி எறங்கிட்டான்" என்றார்.

"எங்க மாமா?"

"ஆமென்ல. டெனர் ஆம்பளைங்க மொத்தமும் அவன் பின்னாலயே எறங்குது. அன்னைக்கே சளின்னான், சுக்குத் தண்ணி குடிச்சுட்டு நில்லுலேன்னேன், கேட்டானா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"உங்களுக்குத் தெரியாது. வெள்ளக்காரனுக்குத் தெரியும்லா? ஒலகம் பூராக் கேக்கும்லா?"

"அப்பா, அவங்களுக்குப் புடிச்சுத்தான போட்டிருக்காங்க" என்றாள் சாலோமி.

"நீ சும்மா இரு. ஒனக்கு ஒன் கொரலு நல்லாக் கேட்டுட்டு." அருமைநாயகம் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எபனேசரின் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மாப்ள, ஞாயித்துக்கெழம நேசையாவ ஓரமா நிறுத்திட்டு நாம சுத்தமாப் பாடி அனுப்புவோம். இதக் கழிச்சுட்டு அதப் போடுங்கன்னு சொன்னா அவங்க கேப்பாங்களா?"