பீடத்துக்கு அடியில் பெரிய கோவில்

ரேடியோவில் செய்தி முடிந்ததும் வேதவதி சாத்தியிருந்த அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். 1978 ஜனவரி, திங்கட்கிழமை காலை. ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய் நோட்டுகள் இனிச் செல்லாது. வைத்திருப்பவர்கள் வியாழனுக்குள் பேங்கில் கொடுத்துவிட வேண்டும்; பணம் எப்படி வந்தது என்றும் எழுதித் தர வேண்டும்.

பூஜை அலமாரியில், பெருமாள் பீடத்துக்கு அடியில், ஆயிரம் ரூபாய் நோட்டு எட்டு இருந்தது. லால்குடி நிலம் விற்ற பணம். மகள் கோமளாவின் இதய வால்வுக்கு வேலூரில் அடுத்த மாதம் ஆபரேஷன்; ரயில் டிக்கெட்கூட எடுத்தாகிவிட்டது. இப்போதே நாலு படி ஏறினால் அவள் உதடு நீலம் பாரித்துவிடும்.

நோட்டின் பின்பக்கம் தஞ்சாவூர்ப் பெரிய கோவில் படம். அதைப் பார்த்துக் கோமளாதான் சிரித்தாள்: "ஸ்ரீரங்கத்துல, பெருமாளுக்கு அடியில சிவன் கோவிலை வெக்கறேளேப்பா! ஊர் தாங்குமா?"

"நோட்டை எடுங்கோன்னா," என்றாள் வேதவதி. "நாளைக்கு பேங்க் லீவாம். புதன்கிழமை காலம்பறவே போய் நின்னுடுங்கோ."

அவள் கணவர், தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான பராசரன், தலை நிமிரவில்லை. "தீட்டுடி. மன்னார்புரம் அண்ணா போய் நாலு நாள்கூட ஆகலை. பத்து முடியாம பெருமாளைத் தொடறதா?"

பங்காளிச் சாவு. அதனால் பொங்கல் பானைகூட ஏற்றவில்லை; அலமாரி சாத்தியே கிடந்தது.

"எங்க அண்ணாவுக்குத் தீட்டு இல்லையே. அவரை வந்து எடுத்துத் தரச் சொல்லட்டுமா?"

"ஆமா, ஊரெல்லாம் தமுக்கு அடி!" என்று சீறினார் பராசரன்.

செவ்வாய் போயிற்று. புதனும் போயிற்று. கேட்டபோதெல்லாம் "பார்க்கலாம்" என்றார்.

வியாழன் காலை அவர் கொள்ளிடத்துக்குக் குளிக்கக் கிளம்பியதும், வேதவதி கிணற்று நீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டாள். ஈரப் புடவையோடு அலமாரியைத் திறந்தாள். பாவம் என்னோடு போகட்டும், என் பெண்ணை விட்டுவிடு என்று வேண்டியபடி பீடத்தைத் தூக்கினாள்.

பெரிய கோவிலைக் காணோம். இருந்தவை நூறு ரூபாய் நோட்டுகள். இருபத்துநாலு.

வாசலில் ஈர வேட்டியோடு பராசரன் நின்றிருந்தார்.

"இது எப்போ?" என்றாள்.

"திங்கட்கிழமை சாயங்காலம். பெரிய கடைவீதி காத்தமுத்து ஆயிரத்துக்கு முந்நூறு தந்தான். விடிஞ்சா அதுவும் கிடையாதுன்னான்."

"பேங்க்ல முழுசாத் தருவாளே, பாவி!"

"எப்படி வந்ததுன்னு எழுதணுமே! பத்திரத்துல பாதி விலைதான் காட்டியிருக்கு. உள்ளதை எழுதினா வேலை போகும், ஜெயிலுக்கும் போகணும். நாப்பத்தாறு ஜனவரியில வெள்ளைக்காரன் இதே மாதிரி செல்லாதுன்னப்போ, சித்தப்பா பயந்து வெளியிலேயே எடுக்கலை. கடைசியில அந்த நோட்டை விசிறியா மடிச்சு வீசிண்டிருந்தார். நான் இதையாவது மீட்டேன்."

"அப்போ, தீட்டோட தொட்டிருக்கேள்."

பராசரன் ஈர வேட்டியின் நுனியைப் பிழிந்தார். பழக்கதோஷத்தில் முணுமுணுத்தார்: "அலமாரியைச் சாத்துடி."

வேதவதி சாத்தவில்லை.

கூடத்துக் கட்டிலிலிருந்து கோமளாவின் குரல், இரைப்புக்கு நடுவே விட்டு விட்டு வந்தது.

"அம்மா... வேலூர் டிக்கெட்டை இப்பவே கேன்சல் பண்ணிட்டா... அதுல பாதியாவது திருப்பித் தருவாளோன்னோ?"