பிள்ளைகளின் விபரம்

…அதுவும் பெற்ற பிள்ளையாக இருக்கவேண்டுமாம், இல்லாவிட்டால் சட்டப்படி தத்தெடுத்ததாக, சகோதரியின் பிள்ளை சேராது என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறான், பொடி எழுத்தில் போடுகிறவன் எப்போதும் பெரிய விஷயத்தைத்தான் போடுவான். ஹீத்ரோவில் விமானச் சாப்பாடு அடுக்குகிற எங்கள் கம்பனி இந்த வருடம் திடீரென்று தாராளமாகி, வேலைசெய்கிறவர்களின் பிள்ளைகளுக்கும் தனியார் ஆஸ்பத்திரிக் காப்புறுதி தருகிறது, படிவத்தை நாலு மணிக்குள் கொடுக்கவேண்டும், இப்போது மூன்றரை, நான் கன்ரீனில் பேனையும் கையுமாகக் குந்தியிருக்கிறேன். ஜெசிந்தாவின் காதுக்குள் பசைபோல நீர் கட்டியிருக்கிறது, சின்னக் குழாய் ஒன்று வைத்தால் சரியாகிவிடுமாம், ஆனால் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒன்றரை வருடம் காத்திருக்கவேண்டும்... ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றரை வருடம் ரீச்சர் சொல்வதைப் பாதி பாதியாகக் கேட்டுக்கொண்டிருந்தால் என்னவாகும்? எதிரே சிவமலர், என்னோடு தட்டு அடுக்குகிறவள், தேத்தண்ணியை ஊதிக்கொண்டு, "என்ன டொலறஸ் அக்கா இவ்வளவு யோசினை, பிள்ளை இல்லாட்டி அந்தக் கட்டத்திலை ஒரு கோட்டை இழுத்துப்போட்டுக் குடுங்கோவன்" என்கிறாள். பகிடிக்குத்தான் சொல்கிறாள், அவளுக்கு என்ன தெரியும். கோடு இழுத்து எனக்குப் பழக்கம்தான், இரண்டு வருடத்துக்கு முன் இங்கே வந்து இறங்கிய அன்றே அகதிப் படிவத்தில் இழுத்தேன், கலியாணம் ஆகவில்லை, பிள்ளை இல்லை என்று.

வேறு எப்படிச் சொல்வது? அதற்கு நாலு வருடம் முன்பே என் பிள்ளை ஜெசிந்தா, என் அக்கா றோஸ்மலரின் மகளாக லண்டன் வந்துவிட்டாளே. எண்பத்தாறில் கடலுக்குப் போன என் மனிசன் திரும்பவில்லை, மன்னாரில் நானும் கைக்குழந்தையும், அக்காவுக்கும் யாக்கோப்பு அத்தானுக்கும் இங்கே விசா இருந்தது, ஊரில் விட்டுவந்த தங்கள் பிள்ளை என்று எழுதிக் கூப்பிட்டார்கள், அவளாவது தப்பட்டும் என்று மூன்று வயதில் அனுப்பினேன், நான்தான் அனுப்பினேன், ஒருவரும் பிடுங்கவில்லை. இப்போது ஹவுன்ஸ்லோவில் எல்லாரும் ஒரே வீடு, தலை பின்னிவிடும்போது "சின்னம்மா, இறுக்காதேங்கோ" என்பாள், அம்மா என்று ஓடுவது அக்காவிடம், அந்த மயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எத்தனை தரம் சொல்லிவிடப் பார்த்தேன்... ஏக்கம்தான், வெட்கமில்லாத ஏக்கம். செபப்புத்தகத்துக்குள் அவளுடைய ஞானஸ்நானப் பத்திரம் இருக்கிறது, தாய் டொலறஸ், ஞானத்தாய் றோஸ்மலர், கோவில் முத்திரையோடு, கம்பனிக்கு அது போதுமாம். விசா, அகதி வழக்கெல்லாம் பார்க்கிற ஹோம் ஒபிசில் இருக்கிற கடுதாசியோ வேறு கதை சொல்கிறது, இரண்டையும் எவனாவது பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அக்கா குடும்பம், என் அகதி வழக்கு எல்லாம் போச்சு. பார்ப்பானா? சாப்பாட்டுக் கம்பனிக்காரனுக்கு இதுவா வேலை? எழுதினேன். ஜெசிந்தா, உறவு: மகள். எழுத்து வடிவாகத்தான் வந்தது, வாசித்துப் பார்த்தேன், திரும்பவும் வாசித்தேன்.

அதற்குக் கீழே கேள்விகள், பிள்ளைக்குச் சின்னமுத்து வந்ததா, எந்த வருடம், காதுக்குத்து வலி எப்போது தொடங்கியது, ஒத்துக்கொள்ளாத மருந்து உண்டா... தாய்க்குத் தெரியும் என்று நினைத்துக் கேட்கிறான். எனக்குத் தெரியாது. கன்ரீன் மூலையில் இருக்கும் போனில் அக்காவைக் கூப்பிட்டேன், ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன், அவள் கேட்கவில்லை. "தொண்ணூறாம் ஆண்டு மாசியிலை சின்னமுத்து, அதோடைதான் காதுக்குத்தும் துவங்கினது, பெனிசிலின் குடுக்கக் கூடாது, உடம்பெல்லாம் தடிச்சுப்போகும்... அஞ்சு நாள் என்ர நெஞ்சிலைதான் கிடந்தவள், கீழை வைக்க விடேல்லை," என்றாள் ஒரே மூச்சில். பிறகு, "கம்பனி தந்த போம் நிரப்பிறியோ?" என்றாள். ஓம் என்றேன். "என்ன எண்டு எழுதினனீ?" மகள் எண்டு, என்றேன். போனுக்குள் அவள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம், அதை அவள் நிறுத்தினாள். "சரி எழுது, பிள்ளைக்குக் காது கேக்கவேணும். அவளிட்டை மட்டும் இப்ப ஒண்டும் சொல்லாதை, என்ன?" அக்கா என்னிடம் இதுவரை எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. ஹோம் ஒபிசைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை, அகப்பட்டால் என்ன செய்வது என்று கேட்கவில்லை... இத்தனை நாளும் அவளுக்குப் பயம் என்னில்தான் இருந்திருக்கிறது. தாயின் கையெழுத்துக்கு விட்ட இடம் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது, நாலு மணிக்கு ஐந்து நிமிடம்.