காணாமல் போன நாற்பத்தாறு மில்லிமீட்டர்

பாறையடித் தெருவில் ராத்திரி நல்ல மழை. காலையில் மழைமானியில் அதில் கால்வாசிகூட இல்லை.

தெருவின் மேல் முனையில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி மேடையில் குனிந்து, அருணாதேவி மூன்று முறை ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டு மில்லிமீட்டர். முந்தின நாள் அவள் மொட்டைமாடியில் கழுவிக் கவிழ்க்க மறந்த டிபன் அடுக்கு ஒன்றிலோ ஐம்பத்தெட்டு நின்றது. இரண்டு இடத்துக்கும் நடுவில் முப்பது அடிதான். முப்பது அடிக்குள் மழை இவ்வளவு ஓரவஞ்சனை செய்யாது.

மழைமானி என்றதும் பெரிய கருவியாக நினைத்துவிடக் கூடாது. வாயும் அடியும் ஒரே அகலமாக உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா, காற்றில் சாயாமல் இருக்கச் சுற்றிலும் நான்கு கல். அவ்வளவுதான். பாத்திரம் நேராக இருந்தால், அது சின்னதோ பெரியதோ, பத்து மில்லிமீட்டர் மழைக்குப் பத்து மில்லிமீட்டர் உயரம்தான் தண்ணீர் நிற்கும். டிபன் அடுக்கும் நேரான பாத்திரம். ஆகவே இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது.

பதினாறு வருடமாக அருணாதேவி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். சர்க்கரை இருநூறு என்று மெஷின் காட்டினால், ஆளைப் பயமுறுத்தும் முன் மெஷினைச் சந்தேகப்படு என்பது அங்கே பழகின பாடம். டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து நிறையத் தண்ணீர் ஊற்றி ஒரு நாள் வைத்தாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆவியாகப் போயிருக்குமா? சுட்டெரிக்கிற வெயிலிலேயே ஒரு நாளைக்கு அரை விரற்கடை குறைந்தால் ஜாஸ்தி. மழை ராத்திரியில் அதுவும் கிடையாது. மேலே மரமோ கூரையோ மறைக்கவில்லை.

"குரங்கு," என்றான் காசி. அவள் கணவன். மிக்சி ஒன்றைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தான். "தாகம் எடுத்துக் குடிச்சிருக்கும்."

"குடிச்சிட்டு டப்பாவ நேரா நிமித்தி, நாலு கல்லையும் இருந்த எடத்துலியே வெச்சிட்டுப் போச்சா?"

"அண்ணாமலையார் மலைக் குரங்கு. ஒழுக்கமா இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. அந்த எண்ணை நம்பித்தான் அவன் உயிர் இருந்தது.

இரண்டு கார்த்திகைக்கு முன் புயல் மழையில் மலையில் மண் சரிந்து, கீழே இருந்த வீட்டோடு ஆட்களும் போனார்கள். அதிலிருந்து மலையடியில் இருக்கிறவர்களுக்கு மழைச் சத்தம் வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது. ஏன் சரிகிறது என்று அருணாதேவி தேடித் தேடித் தெரிந்துகொண்டாள். மலை முழுக்கப் பாறை. அதன்மேல் மண் ஒரு போர்வை மாதிரிதான் கிடக்கிறது. முதல் மழையை மண் குடித்துவிடும். குடித்து நிறைந்தபின் பெய்வது கீழே இறங்கி, மண்ணுக்கும் பாறைக்கும் நடுவே தேங்கி, போர்வையை அடியிலிருந்து தூக்கும். பிடிப்பு விட்டுப்போகும். ஆகவே மழை எவ்வளவு வேகம் என்பதைவிட, விடாமல் மொத்தம் எவ்வளவு பெய்தது என்பதே முக்கியம். சரியான எண் யாருக்கும் தெரியாது. இந்தச் சரிவுக்கு எழுபத்தைந்து மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் முன்கூட்டியே இறங்கினதாக இருக்கும் என்று, மண் பார்க்க வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். எழுபத்தைந்தைத் தொட்டால் தெருவே காலிசெய்து கீழே பள்ளிக்கூடத்துக்குப் போவது என்று முடிவாயிற்று.

மற்ற வீட்டுக்காரர்கள் ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடுவார்கள். காசிக்கு இரண்டு காலும் போலியோ. தெரு என்பது அறுபத்திரண்டு படி. அவனை நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் ஓர் ஆள், பின்னால் ஓர் ஆள் பிடித்து ஈரப்படியில் இறக்க இருபது நிமிடம் ஆகும். ஒரு பக்கம் மொபைல் கடையில் வேலை செய்யும் இனியன். இன்னொரு பக்கம், அறுபது வயதானாலும் தோள் தளராத ஆட்டோக்கார சக்கரவர்த்தி.

இதற்கு மேல் அருணாதேவிக்கு ஒரு நோட்டும் இருந்தது. தினம் எட்டரை மணிக்கு அளந்து அதில் எழுதுவாள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் தடுப்புச்சுவரும் வடிகாலும் கேட்டு ஐந்து மனு கொடுத்தாயிற்று. ஐந்துக்கும் ஐந்து ரசீது. தேர்தலுக்கு முன் சுவர் வரப்போகிற இடம் என்று ஒருவர் வந்து சுண்ணாம்புக் கோடு போட்டார். அடுத்த மழை கோட்டைக் கழுவிக்கொண்டு போயிற்று. வெறும் வாய்ச்சொல்லை யார் மதிப்பார்கள், எண்ணைக் காட்டினால் அசைவார்கள் என்று நினைத்து, ஆறாவது மனுவோடு நோட்டை ஜெராக்ஸ் எடுத்து இணைத்திருந்தாள். மானியில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். அப்போது அவள் அதையும் இதையும் சேர்த்து யோசிக்கவில்லை.

அடுத்து மேகம் கட்டிய சாயங்காலம், லேபில் கிருமிகளுக்குச் சாயம் ஏற்றும் ஊதா மருந்தில் இரண்டு சொட்டை டப்பாவின் அடியில் விட்டுவைத்தாள். அதிலே ஒரு கணக்கு இருந்தது. தண்ணீர் ஆவியானால் சாயம் போகாது, இன்னும் கருக்கும். ஒழுகினால் மேடையில் கறை விழும். டப்பா சாய்ந்து கொஞ்சம் சிந்தினாலும் மிச்சம் ஊதாவாகவே இருக்கும். யாராவது முழுக்கக் கொட்டிவிட்டு மறுபடி வைத்திருந்தால் மட்டும், பிறகு சேர்ந்த தண்ணீர் வெளுத்து இருக்கும்.

காலையில் டப்பாவில் ஒன்பது மில்லிமீட்டர் தண்ணீர் இருந்தது. கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர். பார்த்துத் தேட வேண்டிய அளவுக்குக்கூட ஊதா இல்லை. மொட்டைமாடி அடுக்கில் முப்பத்தொன்று.

யார் என்று அவள் தேடவேண்டி இருக்கவில்லை. லேபுக்குப் போகப் படியிறங்கினாள். கீழே சக்கரவர்த்தி ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். தினம் விடிவதற்கு முன்னே எழுந்து, முதல் பஸ்ஸில் வந்திறங்கும் வெளியூர்க்காரர்களை ஆசிரமத்துப் பக்கம் கொண்டுபோய் விடுகிறவர். வலது கைக் கட்டைவிரலும் இரண்டு விரலும் கத்திரிக்காய் நிறம்.

"அண்ணா, கை இன்னாச்சு?"

"தெரிலமா. எங்கியோ இங்க்கு பட்டுக்கிச்சு. சோப்பு போட்டும் போவல."

"போவாது. ஒரு வாரம் இருக்கும். லேப் மருந்து அது."

துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது. விரலைப் பார்த்தார்; அவளைப் பார்த்தார்.

"டப்பாவுல போட்டியா?"

"ரெண்டு சொட்டு."

"நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும். ரத்தம் எடுத்து வாழ்க்கய வீணாக்கிட்ட."

"ஏண்ணா இப்படிப் பண்ணீங்க?"

அவர் சீட்டில் உட்கார்ந்தார். மறைக்கிற எண்ணம் அவருக்கு இல்லை. "அடுத்த தெருக்காரன் போட்டோ எடுத்து, கையெழுத்து வாங்கி, எல்லாம் ஜோரா மனு குடுத்தான். இன்னா வந்துச்சு? சுவரா? வூட்டு வூட்டுக்குக் கதவுல செவப்பு நம்பர் வந்துச்சு. ஆபத்தான எடம், காலி பண்ணு. கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கியோ வயக்காட்டு நடுவுல ஒரு ரூம் குடுத்தாங்க. அவங்களுக்குச் சுவர் கட்டுறது கஷ்டம், நம்பர் போடுறது சுலபம். நீ நூத்தி அம்பது நாளா அவங்களுக்கு ஓசில நம்பர் எழுதிக் குடுத்துக்கினு இருக்க."

"அதுக்காக மழைய கீழ ஊத்துவீங்களா?"

"அங்க போயி நான் யார ஏத்துறது? கடலச்செடிய ஏத்திக்கினு கிரிவலம் சுத்துறதா? காசிதான் யாருக்கு மிக்சி ரிப்பேர் பண்ணுவான்? மழை கம்மின்னு இருந்தா நம்மள உடுவாங்கம்மா. எனக்குத் தெரிஞ்ச வழி அதான்."

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதே அவளுக்கு வலித்தது. அந்த நோட்டைச் சுவருக்குப் போடும் முதல் கல் என்று நினைத்திருந்தாள். அதே நோட்டு அவர் கண்ணுக்குக் கதவில் பூசும் பெயின்டாகத் தெரிந்திருக்கிறது. நடவடிக்கை எடுக்காதவர்களுக்கு முன்னால் எந்தக் கணக்கை வைத்தாலும், அவர்களுக்குச் சுலபமானது எதுவோ அதற்குத்தான் அது உதவும்.

"சரிண்ணா. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னிக்கு அம்பத்தெட்டு பெஞ்சது. நீங்க பன்னெண்டு ஆக்கிட்டீங்க. மறுநாளும் விடாம ஒரு இருபது பெஞ்சிருந்தா எழுவத்தஞ்சத் தாண்டியிருக்கும். டப்பா முப்பத்திரண்டுதான் காட்டும். எல்லாரும் நிம்மதியாத் தூங்கியிருப்போம். எங்க வூட்டுக்காரர யாரு தூக்குறது?"

"இது இன்னா கேள்வி? நான்தான் தூக்குவேன்."

"எப்போ?"

அவர் மலையை நிமிர்ந்து பார்த்தார்.

"எப்போ தூக்கணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்ணா?"

ஊதா விரல்களை அவர் மற்றக் கையால் மூடிக்கொண்டார். "பதினஞ்சு வருசமா அவன் என் தோள்ல கை போட்டுத்தான் எறங்குறான்," என்றார்.

அன்று முழுக்க லேபில் அவளுக்குக் கை மட்டும்தான் வேலை செய்தது. மத்தியானம் ஒரு ரத்தத்தில் பொட்டாசியம் எகிறி இருந்தது. இப்படி அபாய எல்லையைத் தாண்டினால் ரிப்போர்ட் அச்சாகும் வரை காத்திருக்கக் கூடாது. உடனே டாக்டருக்குப் போன் போட வேண்டும். போன் போட்டாள். "ஆள உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க," என்று டாக்டர் வைத்துவிட்டார். எண் என்ன என்றுகூட அவர் கேட்கவில்லை. எல்லை தாண்டிவிட்டது என்பது ஒன்றே அவருக்குப் போதுமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் காசியிடம் கேட்டாள். "எழுபத்தஞ்சு வந்தா மட்டும் கத்தணும். அதுக்குக் கீழ எவ்ளோன்னு யாருக்கும் தெரிய வேணாம். எழுத ஒண்ணும் மிச்சம் இருக்கக் கூடாது. கரண்ட்டும் வேணாம், மழைக்கு மொதல்ல போறது கரண்ட்டுதான். பண்ண முடியுமா?"

காசி மிக்சியை மடியிலிருந்து இறக்கி வைத்தான். வெகுநாளைக்குப் பிறகு ஒருவர் அவனிடம் சரியான கேள்வி கேட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பகலில், தொட்டி மேடையில், தெரு முழுக்கக் கூடி நிற்க, சோதனை நடந்தது. எண்ணெய் டின் ஒன்றை இரண்டு பக்கமும் துளைத்து, குறுக்கே கம்பி கோத்து, ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டிருந்தார்கள். டின்னின் அடியில் ஒரு கல். காலியாக இருக்கும்போது கனமெல்லாம் அடியில்; டின் நேராக நிற்கும். தண்ணீர் ஏற ஏறக் கனத்தின் மையமும் மேலே ஏறும். அந்த மையம் கம்பியைத் தாண்டிய நொடியில் டின் தானாகக் கவிழும். எந்த அளவில் கவிழ வேண்டும் என்பதைக் கம்பியின் உயரம் தீர்மானிக்கும். பதினைந்து லிட்டரில் கவிழ வேண்டும் என்பது காசியின் கணக்கு.

இனியன் லிட்டர் லிட்டராக ஊற்றினான். முதல் தடவை ஒன்பதாவது லிட்டரிலேயே கவிழ்ந்து, பக்கத்தில் நின்ற திரௌபதியின் புடவையை நனைத்தது.

"ஏண்டா, மலை சரியறதுக்கு முன்னாடி என்னைச் சரிச்சிடுவீங்க போல!" என்றாள் அவள். சக்கரவர்த்தியின் மனைவி. பிறகு கணவரிடம் திரும்பினாள். "கொட்டுறதுல பேர் எடுத்தவர் சும்மா நிக்கிறாரே, ஒரு கை குடுங்களேன்."

ஊதா விரலின் கதை அதற்குள் தெருவுக்கே தெரிந்திருந்தது; எல்லாரும் சிரித்தார்கள். சக்கரவர்த்தி சிரிக்கவில்லை. கீழே இறங்கிப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தார்கள். அறுபத்திரண்டு படியும் ஏறித் திரும்பி வந்தபோது ஒரு கையில் பழைய ஆட்டோவின் ஹாரனும், மறு தோளில் பாட்டரியும் இருந்தன.

"ஆளு தூங்கிக்கினு இருந்தா டின்னு சத்தம் கேக்காது," என்று காசி முன்னால் வைத்தார். "இது கேக்கும். செங்கம் ரோட்டுல மாடே ஒதுங்கும்."

கம்பியை விரற்கடை உயர்த்தி மறுபடி ஊற்றினார்கள். பன்னிரண்டு. இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்கள். பதினைந்து. மூன்று முறை ஊற்றினார்கள், மூன்று முறையும் பதினைந்தாவது லிட்டர் முடிவதற்குள் கவிழ்ந்தது.

அன்று சாயங்காலம் அருணாதேவி நோட்டை எடுத்து, இனி இதில் எழுதுவதில்லை என்று தேதி போட்டுக் கோடு இழுத்தாள். அளந்ததை எழுதாமல் விடுவது அவள் பதினாறு வருடத்தில் செய்யாத காரியம். பேனாவை மூடும்போது பல் கூசுவது மாதிரி இருந்தது. ஏழாவது மனுவையும் எழுதினாள். சுவர் வேண்டும், வடிகால் வேண்டும். இணைப்பு எதுவும் இல்லை.

இப்போது அது வேலை செய்கிற விதம் இதுதான். ஐம்பது சென்டிமீட்டர் நீளமும் நாற்பது சென்டிமீட்டர் அகலமும் உள்ள தகரத் தட்டு ஒன்று டின்னுக்கு மேலே கூரை மாதிரி இருக்கிறது; அதில் மழை விழுகிறது. ஒரு மில்லிமீட்டர் மழைக்கு இருநூறு மில்லி தண்ணீர் அதிலிருந்து குழாய் வழியாக டின்னுக்கு இறங்குகிறது. எழுபத்தைந்து மில்லிமீட்டர் சேரும்போது பதினைந்து லிட்டர் ஆகி, டின் கவிழ்ந்து, அதன் விளிம்பு ஒரு சுவர் ஸ்விட்சைத் தட்டிவிடுகிறது. காலியான டின் திரும்ப நிமிர்ந்தாலும் ஸ்விட்ச் போட்டபடியே இருப்பதால், யாராவது வந்து அணைக்கும் வரை பாட்டரியில் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு முழுப் பகல் வெயில் அடித்தால் மட்டும், கணக்கைப் புதிதாகத் தொடங்க, சக்கரவர்த்தி டின்னைக் கொட்டலாம். வெயில் அடிக்காவிட்டால் யாரும் தொடக் கூடாது. ஹாரன் கேட்டதும் முதலில் சக்கரவர்த்தியும் இனியனும் காசியை இறக்குகிறார்கள்; அவனுக்குப் பின்னால் தெரு இறங்குகிறது.