ஒரு ரிங் என்றால் போய்ச் சேர்ந்தாச்சு

தம்பி குரலின் விலை நிமிஷத்துக்கு எட்டு ரூபாய். பொன்னுராஜ் வைத்த விலை இல்லை. தொண்ணூற்றொன்பதில் செல் கம்பெனி வைத்தது. வருகிற காலை எடுத்தாலும் காசு. எடுக்காவிட்டால் காசில்லை. ராஜபாளையத்துப் பருத்தி வியாபாரிக்கு இதற்கு மேல் விளக்க வேண்டுமா? ஒரு ரிங் என்றால் போய்ச் சேர்ந்தாச்சு. ரெண்டு என்றால் சரக்கு படிந்தது. ஆளுக்கொரு செல் வைத்துக்கொண்டு அண்ணனும் தம்பியும் அதில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மகாராஜபுரத்துக்குப் பருத்தி பார்க்க பைக்கில் போன தம்பி சோலைராஜிடமிருந்து அன்று சாயங்காலம் ரிங் வந்தது. ரெண்டோடு நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது.

"கட் பண்ண மறந்துட்டான் பாரு," என்று கடையில் இருந்தவர்களிடம் சிரித்தபடி பொன்னுராஜ் கட் பட்டனை அமுக்கினான்.

மறுபடி அடித்தது. "கிறுக்குப்பய. வந்து சொல்லட்டும்." அமுக்கினான்.

பொறவு அடிக்கவில்லை. இருட்டியும் தம்பி வரவில்லை. கூப்பிட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்குரல் சொன்னது.

காலையில் தம்பி மனைவி வேலுத்தாயோடு ஸ்ரீவில்லிபுத்தூர் செல் ஆபீஸில் நின்றான். அங்கிருந்த சம்பத்குமார் மதுரைக்குப் பேசிவிட்டு வந்தான்.

"போன் கடைசியா நம்ம ஊர் டவர்லதான் இருந்திருக்கு, அண்ணாச்சி."

"டவர்ல எந்த இடம்?"

"அது தெரியாது. கால் வந்தா எந்த டவர்ல ரிங் அடிக்கணும்னு மட்டுந்தான் மிஷின் குறிச்சு வைக்கும்."

"டவருக்கு எம்புட்டு எல்லை?"

சம்பத்குமார் ஜன்னல் வழியே ஆண்டாள் கோவில் கோபுரத்தைக் காட்டினான். "அதுல ஏறி நின்னா தெரியுத அம்புட்டும்."

"பில்லு மட்டும் வீடு தேடி வருதுல்லா?" என்றான் பொன்னுராஜ்.

லாரியில் ஆள் ஏற்றிக்கொண்டு அந்த அம்புட்டையும் தேடினார்கள். மூன்றாம் நாள் ஆடு மேய்க்கிறவர் ஒருவர்தான் பார்த்தார். கண்மாய்க்கரைப் பள்ளத்தில், கால்மேல் பைக் கிடக்க, செத்துக் கிடந்தான் சோலைராஜ். சார்ஜ் தீர்ந்த செல் கைக்குள் இருந்தது. விடியும்வரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

"எடுத்திருந்தா எம்புட்டு அத்தான் ஆகியிருக்கும்?" என்று கேட்டாள் வேலுத்தாய். அழவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள் அண்ணன் செல்லுக்கு பில் வந்தது. பொன்னுராஜ் அவள் முன்னாலேயே பிரித்தான். வாடகை நானூற்று எழுபத்தைந்து. வந்த கால் வகையில் பூஜ்யம். ரெண்டு கால், காலுக்கு ஒரு நிமிஷம் என்றே வைத்தாலும், மிச்சம் பதினாறு ரூபாய்.