முடி வெட்டும் கடல்நாய் எந்த அத்தியாயத்தில் வருகிறது?

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து முகம் சுளிக்க வேண்டாம்.

ஹாலிஃபாக்ஸில் நான் குடியிருக்கும் பழைய மரவீட்டை யாரோ புண்ணியவான் நடுவில் தடுத்து இரண்டு வீடாக்கி வாடகைக்கு விட்டிருக்கிறார். தடுப்புச் சுவர் பேருக்குத்தான். அந்தப் பக்கம் நடீன் என்ற பெண் இருக்கிறாள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை. அவளுடைய மகள் இவெட்டுக்கு எட்டு வயது. சாப்பாடு முடிந்து பல் தேய்த்ததும் நடீன் மகளுக்குப் புத்தகம் வாசிக்கத் தொடங்குவாள். ஜூன் மாதத்தில் அந்நேரம் வெளிச்சம்கூடப் போயிருக்காது. துறைமுகத்திலிருந்து பனிமூட்டம் மெல்ல ஏறித் தெருவுக்குள் வரும், அதோடு அவள் குரலும் வரும். கேட்கக் கூடாது என்று காதைப் பொத்திக்கொண்டேன் என எழுதலாம்தான். ஆனால் முதல் வாரமே கட்டிலைச் சுவரோரம் நகர்த்திவிட்டேன்.

ஓர் ஊர் கரையிலிருந்து பிய்த்துக்கொண்டு கடலில் மிதந்து போகும் கதை அது. மாதாகோவில், பேக்கரி, பள்ளிக்கூடம், மேயர் எல்லாம் அப்படியே மிதக்கின்றன. வாசிக்கும் ஒவ்வோர் இரவும் அந்த ஊரோடு நானும் கொஞ்ச தூரம் போவேன். அவள் புத்தகத்தை மூடியதும் அப்படியே தூங்கியும் விடுவேன். காலையில் எழுந்தால் கட்டில் இருந்த இடத்திலேயே இருப்பது சற்று ஏமாற்றமாக இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், எனக்குப் பாதிக் கதைதான் கிடைத்தது. இவெட் பாதி வாரம் அம்மாவிடம், பாதி வாரம் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் டார்ட்மவுத்தில் அப்பாவிடம். புத்தகமும் அவள் பையில் கூடவே போகும். விட்ட இடத்திலிருந்து அப்பா வாசிப்பார், அவர் விட்ட இடத்திலிருந்து அம்மா. மற்றவர் வாசித்த பக்கங்களை யாரும் திருப்பிப் பார்க்கக் கூடாது, நடந்ததை இவெட்தான் சொல்வாள். சட்டம் போட்டதும் அவள்தான்.

"அப்பா வீட்டுல என்னடீ ஆச்சு?" என்று நடீன் கேட்பாள்.

"ஒரு கடல்நாய் வந்துச்சும்மா. தண்ணியில இருந்து ஏறி நேரா சலூனுக்குப் போயிருச்சு. எல்லாரும் முடி வெட்டிக்க வந்திருக்குன்னு நினைச்சாங்க."

"கடல்நாய்க்கு ஏது தலைமுடி?"

"அதான்மா! அது வெட்டிவிட வந்திருக்கு. மட்டிச் சிப்பிய வச்சு வெட்டும். மேயருக்கு ஒரு காது பக்கம் மட்டும் வெட்டிட்டு, மீதி நாளைக்குன்னு சொல்லிருச்சு."

"நல்ல நல்ல கட்டமெல்லாம் அந்த மனுஷனுக்கே மாட்டுது பாரு. என் பக்கத்துல எப்பவும் மழையும் மீட்டிங்கும்தான்."

"உன் அத்தியாயம் அப்படிம்மா. நான் என்ன பண்றது?"

2

எனக்கு அந்தக் கடல்நாய் வேண்டும்போல் இருந்தது. நூலகத்துக்குப் போய் அதே புத்தகத்தைத் தேடி எடுத்தேன். குழந்தைகள் பிரிவில் முழங்கால் இடிக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு மத்தியானம் முழுக்கப் படித்தேன்.

கடல்நாய் இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம், நான் கேட்காத பக்கமே அதில் இல்லை. நடீன் அதுவரை வாசித்திருந்த இடம்வரை ஒவ்வொரு வரியும் சுவர் வழியாக எனக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்ததுதான். அவள் பாதிப் புத்தகம் வாசிக்கவில்லை, முழுப் புத்தகத்தையும் வாசித்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கே தெரியவில்லை.

அப்படியானால் அந்தக் கரையில் அப்பா என்ன வாசிக்கிறார்?

(நூலகத்துப் பெண் வந்து, "மூடப்போறோம், அந்தக் குட்டி நாற்காலியில இருந்து எழுந்திரிக்க முடியுதா உங்களால?" என்று கேட்டாள். கதைக்கு இது தேவையில்லை. நடந்தது, அதனால் இருக்கட்டும்.)

3

இங்கிருந்து எல்லாம் என் கற்பனை. டார்ட்மவுத் வீட்டுக்கு நான் போனதில்லை.

"டங்கன் ஒரு நல்ல தகப்பன்." [வேண்டாம். இப்படித் தொடங்கினால் மூன்றாம் பக்கத்தில் அவனைக் குடிக்க வைக்க வேண்டியிருக்கும்.]

"டங்கன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் பாலமும் அதன் விளக்குகளும்" [பார்த்தால் என்ன? நான் பார்த்ததில்லையே.]

தெரிந்ததைச் சொல்கிறேன். இவெட்டைக் கைமாற்றும் படகுத்துறையில் அவனை இரண்டொரு முறை பார்த்திருக்கிறேன். நகராட்சி வேலை. குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டுவான், கோடையில் பூங்காக்களில் புல் வெட்டுவான். நடீனோடு பேசும்போது மட்டும் காதைச் சொறிவான். இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதனைச் செய்ய வேண்டும்.

சரி, செய்கிறேன். டங்கன் கட்டிலில் சாய்ந்து, சட்டையில் புல்வாசனையோடு வாசிக்கிறான். கொஞ்ச நேரத்தில் கண் சொருகுகிறது. வாய் மட்டும் நிற்கவில்லை: "அப்போது மேயர் எழுந்து நின்று, தென்பக்கத்துப் புல்லை நாளைக்கு வெட்டிக்கலாம், பிளேடு மாத்தணும் என்றார்..."

"அப்பா, நீ கனவுக்குள்ள போயிட்ட. வெளிய வா."

"ம்? எங்க இருக்கோம்?"

"ஊர் பனிமலைகிட்ட வந்துருச்சு. மேயர் பிளேடு மாத்தல."

டங்கன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். "அம்மா வீட்டுல அந்தக் கடல்நாய் என்ன பண்ணிச்சு? அதச் சொல்லு, தூக்கம் போயிடும்."

"பள்ளிக்கூடத்துப் பசங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி வெட்டிவிட்டுருச்சு. அவங்க அம்மாக்களுக்கே அடையாளம் தெரியல. கைக்குக் கிடைச்ச பிள்ளைய ஆளுக்கு ஒண்ணா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

டங்கன் வயிறு குலுங்கச் சிரித்தான். "நான் வாசிக்கிறப்ப மட்டும் ஏன் அது வரமாட்டேங்குது?"

"அது அம்மா வீட்டு அத்தியாயத்துல மட்டும்தான்ப்பா வரும்."

"என் நேரம்!"

இப்போது புரிந்திருக்கும். அத்தியாயங்களுக்கு எண் கிடையாது, தலைப்பில் சின்னப் படம் மட்டும். அம்மா வீட்டிலிருந்து படகில் வரும்போது இவெட் பையைத் திறந்து, படம் பார்ப்பவளைப் போலப் பக்க அடையாள நாடாவைப் பின்னால் இழுத்து வைத்துவிடுவாள். நடீன் வாசித்ததையே டங்கனும் வாசிப்பான். நடுவில் நடந்ததாக அவள் சொல்லும் அத்தியாயங்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.*

* ஒரு பெரியவருக்குமா இது தெரியாமல் போகும் என்று கேட்கிறீர்கள். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டுப் பிள்ளைக்கு வாசித்திருக்கிறீர்களா? நேற்று எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்.

4

ஏன் செய்தாள் என்று எழுதாமல் இவ்வளவு தூரம் இழுத்துவிட்டேன். எழுதக் கஷ்டமாக இருக்கிறது, அதனால்தான்.

வசந்தத்தில் ஒருநாள், வாசிக்கத் தொடங்கும் முன்பே, புத்தகம் டங்கன் வீட்டில் தங்கிவிட, அவன் ஓடிப்போய் எடுத்து வந்தான். படகுத்துறையில் நடீனுக்குக் கோபம் வந்தது. "இது ஒண்ணு முடியட்டும் டங்கன். அடுத்ததுல இருந்து அவங்கவங்க வீட்டுல அவங்கவங்க புத்தகம். இந்தத் தூக்குறது, மறக்குறது எதுவும் வேண்டாம்."

"சரி. அதான் நல்லது," என்றான் டங்கன், காதைச் சொறிந்துகொண்டு.

ஒரு சத்தம் இல்லை, ஒரு சண்டை இல்லை. இரண்டு நல்ல மனிதர்கள் நியாயமாகப் பேசி ஒத்துக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற இவெட் மட்டும் புத்தகத்துப் பக்கங்களின் கனத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்த கடைசிப் பொருள் அது. பல் தேய்க்கும் பிரஷ் அங்கொன்று இங்கொன்று. செருப்பும் அப்படித்தான். தலையணை, ஸ்வெட்டர், பிறந்தநாள் கேக் எல்லாமே இரண்டு. கதை மட்டும் ஒன்று.

அது முடியக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கடல்நாய் வந்த பிறகு இன்னொன்றும் நடந்தது. படகுத்துறையில் பையைக் கைமாற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறவர்கள் கொஞ்சம் நிற்க ஆரம்பித்தார்கள். "புத்தகம் நல்லா போகுதில்ல?" என்பான் டங்கன். "ம், பரவாயில்ல," என்பாள் நடீன். இவெட்டுக்கு உள்ளே குளிர்ந்துபோகும், உடனே பதறியும் போவாள். அவர்கள் பேச வேண்டும் என்பதற்காகத்தான் அவள் கடல்நாயை வளர்த்தாள். அவர்கள் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினால் அது செத்துவிடும்.

"அம்மா, எனக்கு அவசரமா ஒண்ணுக்கு வருது!" என்று நடுவில் பாய்வாள்.

"கொஞ்சம் முன்னாடிதானடீ போன?"

"மறுபடி வருது!"

5

நூலகத்தில் எனக்கு நேர்ந்ததை இப்போது டங்கனுக்குக் கொடுக்கிறேன். திருட்டு இல்லை, என் சொந்தச் சொத்து.

இவெட் நீச்சல் வகுப்பில் இருக்கிறாள். பனிமூட்டத்தில் வீடு எங்கோ போய்க்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது. டங்கனுக்கு ஆசை தாங்கவில்லை. கடல்நாயை ஒரே ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று புத்தகத்தை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டுகிறான். பனிமலை, இது அவன் வாசித்தது. பேக்கரி தீப்பிடித்தது, அவன் வாசித்தது. மழை, மேயர், மீட்டிங், அவன்தான். நடீனின் அத்தியாயம் எங்கே? அட்டைவரை வந்துவிட்டான். எல்லாம் அவனுடையது.

முதலில் அவனுக்கு வந்தது கோபம் இல்லை, தனிமை. இத்தனை நாள் பாதிதான் என் பங்கு, மீதியை அவள் அந்தக் கரையில் வாசிக்கிறாள் என்று நினைத்து வாசித்திருந்தான். அந்த நினைப்பு அவனுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது அது போன பிறகுதான் தெரிந்தது. பிறகு மகளின் முகம் நினைவுக்கு வந்தது. புத்தகத்தை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்து அழுதான். [அழுதான் என்பது அதிகமோ? இல்லை. அழுதான். இருக்கட்டும்.]

அன்று இரவு, "அம்மா வீட்டுல கடல்நாய் என்ன பண்ணிச்சு?" என்று அவன் கேட்கவில்லை. இவெட் அவனையே பார்த்தாள்.

"கேக்க மாட்டியாப்பா?"

"நாளைக்குக் கேக்குறேன் குட்டி."

மறுநாள் புதன்கிழமை. கைமாற்றும் நாள். புத்தகத்தில் ஒரே ஓர் அத்தியாயம்தான் பாக்கி.

6

முடிவுகளுக்கு வருவோம். முதல் முடிவு: புத்தகம் படகிலிருந்து கடலில் விழுகிறது. அழகான காட்சி, ஆனால் சோம்பேறித்தனம். நூலகத்தில் இன்னொரு பிரதி இருப்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இரண்டாவது: மூவரும் படகிலேயே, இரு கரைக்கும் நடுவில், கடைசி அத்தியாயத்தைச் சேர்ந்து வாசிக்கிறார்கள். இதை எழுதியே விட்டேன். நன்றாகத்தான் வந்தது. பிறகு என்ன ஆகும் என்றால், நடீனும் டங்கனும் மறுபடி ஒன்றுசேரட்டும் என்று நீங்கள் ஆசைப்படத் தொடங்குவீர்கள். அது நடக்காது. சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பதால் சொல்கிறேன், நடீன் இப்போது பாடிக்கொண்டே பாத்திரம் கழுவுகிறாள். பிரிந்தது அவர்களுக்கு நல்லதாகத்தான் போயிற்று. இவெட்டும் அதைக் கேட்கவில்லை. அவளுக்கு வீடு ஒன்றாக வேண்டாம்.

7

புதன் மாலை, டார்ட்மவுத் துறை. நானும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். எழுதுகிறவருக்கு இதுகூடக் கிடையாதா?

நடீன் படகிலிருந்து இறங்கி வருகிறாள். டங்கன் பையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருக்கிறான்.

"நடீன், அந்தக் கடல்நாய்..."

"அம்மா, எனக்கு ஒண்ணுக்கு..." என்றாள் இவெட்.

"இரு குட்டி," என்றான் டங்கன். குரலில் அதட்டல் இல்லை. "நடீன், அந்தக் கடல்நாய் உன் பக்கத்துலதான வருது?"

"என் பக்கத்துலயா? உன் வீட்டுலல்ல வருது! மேயருக்கு ஒரு பக்கம் மட்டும் வெட்டுன..."

அவள் நிறுத்தினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நடீனின் முகத்தில் ஒவ்வொன்றாகப் புரிவது பெஞ்சிலிருந்தே தெரிந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. டங்கனும் தொடங்கிவிட்டான். "ஒரே மாதிரி வெட்டி... கைக்குக் கிடைச்ச பிள்ளைய..." என்று அவன் சொல்ல, "அது எனக்குச் சொல்லலயே! பாவி, எனக்கு அதச் சொல்லவே இல்லையே!" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரே வீட்டில் இருந்த காலத்தில்கூட அவர்கள் இப்படிச் சேர்ந்து சிரித்ததை இவெட் பார்த்ததில்லை.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. பிடிபட்டதற்குத் திட்டு வரும் என்று பயப்படவும் இல்லை. சிரிப்பு அடங்கும்வரை இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்த ஒண்ணையும் வாசிச்சு முடிச்சிட்டா," என்றாள், "அப்புறம் நீங்க ரெண்டு பேரும் எதைப் பத்திப் பேசுவீங்க?"

"உன்னைப் பத்தித்தான் செல்லம்," என்றாள் நடீன். [இந்த வரியை அடித்துவிட்டேன். அந்தப் பாரத்தைத் தலையில் சுமக்க முடியாமல்தான் பிள்ளை ஒரு கடல்நாயைத் துணைக்குக் கூப்பிட்டாள்.]

"நாங்க சண்டை போடலயே குட்டி. அது போதாதா?" என்றான் டங்கன். [உண்மைதான். போதாது. அடித்துவிட்டேன்.]

"அடுத்த புத்தகமும் ஒண்ணாவே" என்று நடீன் [அவளைச் சொல்ல வைக்க எனக்கு ஆசை. சொல்வாளா என்று தெரியவில்லை. தெரியாததை ஒரு குழந்தைக்கு வாக்காகக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.]

"நாங்க" என்று இருவரும் ஒரே சமயத்தில்

இதற்கு மேல் எனக்கு வரவில்லை. படகுக்காரர் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். இவெட் என்னைப் பார்க்கவில்லை, நான் இருப்பதே அவளுக்குத் தெரியாது. அவர்கள் இருவரையும்தான் பார்க்கிறாள். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் உடனே சொல்லுங்கள். சத்தமாக, அவளுக்குக் கேட்கும்படி சொல்லுங்கள்.