வாரேனுங்க

கணினி என்னும் கருவி தோன்றிய நாளிலிருந்து மனித குலம் அதனிடம் பட்டுவந்த அவமானங்களுக்கெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திருச்செங்கோட்டில் நீதி கிடைக்கவிருந்தது. புரொஜெக்டர் ஒயர் பிளக் வரைக்கும் எட்டாததால் நீதி கொஞ்சம் தாமதமானது.

நீதி வழங்கவிருந்தவன் இளவழகன். பெங்களூரு வேலையை விட்டுவிட்டு மாமனார் ஊருக்கு வந்து, ரிக் வண்டியை ஓட்டி ஆழ்துளைக் கிணறு போடும் கம்ப்யூட்டர் கேம் ஒன்றைச் செய்திருந்தான். பெயர் 'பாதாள வேந்தன்'. மற்ற கேம்கள் நின்றுபோனால் எண்ணும் எழுத்துமாக எதையோ கக்கும். இவனுடையது மட்டும் கொங்குத் தமிழில் மரியாதையாகப் பேசும். கேமில் துளை போட ஒரே ஒரு விவசாயக் காடுதான். பிழைச் செய்திகளோ ஏராளம். உழைப்பில் முக்கால் பங்கு அவற்றுக்கே போயிருந்தது.

"தப்பு நடக்கறப்பத்தானுங்க ஒருத்தரோட பண்பாடு தெரியும்," என்று மைக்கில் முழங்கினான். கேமைப் பற்றித்தான் சொன்னான்.

மாமனார் மருதாசலம் ரிக் உதிரிபாகக் கடைக்காரர். மகள் யுவஸ்ரீ கெஞ்சியதால் ரிக் முதலாளிகளை மண்டபத்துக்கு வரவழைத்திருந்தார். நிபந்தனை ஒன்றுதான்: கேம் ஓடினால் மாப்பிள்ளை தன் இஷ்டப்படி இருந்துகொள்ளலாம், ஓடாவிட்டால் திங்கட்கிழமை முதல் கடையில் உட்கார வேண்டும்.

முதல் ஆளாக மருதாசலமே மவுஸைப் பிடித்து அமுக்கினார். திரை சொன்னது: "ஃபைல் ஊட்டுல இல்லீங்க. அப்புறம் வாங்க."

மருதாசலம் எழுந்துவிட்டார். "சரி, ஆளில்லாத ஊட்டுல நமக்கென்ன வேலை? அப்புறமா வாரமுங்க."

"மாமா, உக்காருங்க. அது சும்மா சொல்லுது."

"கடன் வாங்குனவன் பொண்டாட்டியாட்டவல்ல சொல்லுது!" என்றார் பின்வரிசையில் ஒரு முதலாளி. மண்டபம் சிரித்தது.

இரண்டாம் முறை அமுக்கியதும், "ஞாபகம் பத்தலீங்க. நீங்க யாருங்க?" என்றது. மெமரி போதவில்லை என்பதை இளவழகன் அப்படித்தான் தமிழாக்கியிருந்தான். பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர் திரையையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

மூன்றாம் முறை ரிக் ஓடியே விட்டது. புழுதி பறந்தது, கைதட்டல் எழுந்தது, இளவழகன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். தண்ணீர் பீறிட வேண்டிய நேரத்தில் திரை கறுத்து, நடுவில் ஒற்றைச் சொல் நின்றது: "வாரேனுங்க."

"தண்ணி வருதாமா!" என்று மருதாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். மண்டபமும் நிமிர்ந்தது. போண்டா வந்தது. காபி வந்தது. தண்ணீர் வரவில்லை.

"பாறை கெட்டிங்க," என்று விளக்கினான் இளவழகன். "நெசத்துல எத்தனை நேரமாகுமோ அத்தனை நேரம் இதுலயும் ஆகும். அதுதானுங்க ரியலிசம்."

முதலாளிகள் தலையாட்டினார்கள். அவர்கள் பார்க்காத பாறையா?

யுவஸ்ரீ மெல்ல அவன் பக்கத்தில் வந்தாள். "ஏனுங்க, இது வருதுங்களா, போகுதுங்களா?"

"வாரேன்னு சொல்லிருக்குதல்ல, படிக்கத் தெரியாதா?"

"படிக்கத் தெரியுமுங்க. எழுதுனவரைத்தான் கேக்கறேன்."

எழுதினவனும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் மருதாசலம் சட்டையில் ஒட்டியிருந்த போண்டாத் துணுக்கைத் தட்டிவிட்டு எழுந்தார். "சரிங்க மாப்ளே, நான் வாரேன்," என்று கும்பிட்டுவிட்டு, படியிறங்கி, காரில் ஏறிப் போனார். அவர் திரும்பி வருவார் என்று யாரும் காத்திருக்கவில்லை.

அப்போதுதான் இளவழகனுக்கு உறைத்தது. கேம் பழுதாகி மூடிக்கொள்ளும்போது காட்ட வேண்டிய செய்தி அது. முதலில் 'போறேனுங்க' என்றுதான் எழுதியிருந்தான். கிளம்பும்போது போறேன் என்பது அபசகுனம், பண்பாடும் ஆகாது என்று அவனே திருத்தினான். போண்டா வரும் முன்பே கேம் போய்ச் சேர்ந்திருந்தது.

திங்கட்கிழமை கடையில் உட்கார்ந்தான். முதலில் வந்தவர் ரிக்குக்கு ஓஸ் பைப் கேட்டார். "இல்லீங்க, அப்புறம் வாங்க," என்றான்.

ஓஸ் அவன் உட்கார்ந்திருந்த ஸ்டூலுக்கு அடியில் இருந்தது.